இருவர்க்கும் உரிய நாள்

இறந்தோரை நாள் குறித்து நினைப்பது தமிழர் மரபு. தந்தையின் திதி, தாயின் திதி, ஆடி அமாவாசை, தை அமாவாசை என அதற்குரிய நாள்கள் பல. ஆயின், அவ்விருவரையும் கணவன் மனைவியாக்கிய மணநாளுக்கு அவர்தம் மறைவுக்குப் பின் இடமில்லை. ஒருவர் மறைந்ததுமே அது பேசத்தகாத நாளாகிவிடுகின்றது. ஒரு குடும்பம் பிறந்த நாள் அதுவேயன்றோ?

மலேசியத் தோட்டப்புறங்களில் வாழ்ந்த முன்னைத் தலைமுறையினர் பலர்க்கு அந்நாளை அறிந்து வைத்தலும் எளிதாயில்லை. முஸ்லிம் அல்லாதார் தம் திருமணத்தைக் கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டுமென்னும் 1976ஆம் ஆண்டுச் சட்டம், 1982 மார்ச் முதல் நாள்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வழக்கப்படி முறையாக நடந்த மணங்களும் பதிவு பெற்றனவாகவே கருதப்படும் என்று அச்சட்டம் கூறிற்று. சட்டம் மணத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால், மணநாளைக் குறித்துக் கொடுக்கவில்லை. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டிய பலரிடம் சான்றிதழும் இல்லை, படமும் இல்லை.

பேராக் மாநிலத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் உள்ளார். அவர்தம் பெற்றோர் இரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள். தந்தை முன்னே மறைந்தார். அதன்பின் 11 ஆண்டுகள் வாழ்ந்த அன்னை, தாலி கழற்றிய நாள் முதல் தம் திருமணத்தைப் பற்றி வாய் திறந்தவரல்லர். எனினும், ஆண்டுதோறும் தைப்பூசத்துக்கு முந்திய வியாழனன்று உளுத்தங்களி கிண்டிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார், தாம் உண்ணமாட்டார். காரணம் கேட்டால், "அப்பாவுக்குப் பிடிக்கும்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

நோய்ப் படுக்கையில்தான் அவர் மகளிடம் மனம் திறந்தார். "மெர்டேக்காவுக்கு அடுத்த தை, பூசத்துக்கு முந்தின வியாழக்கிழமை, ரோகிணி. மரமெல்லாம் இலை கொட்ட ஆரம்பிச்சிருந்தது." அவர் சொன்னது இவ்வளவே. மகள் பழைய பஞ்சாங்கம் தேடிப் புரட்டினார். ஏவிளம்பி ஆண்டுத் தைத் திங்கள், 1958 சனவரி 30 எனத் தெரிந்தது. அகநானூற்று 136ஆம் பாடலில் வரும் மணமும் திங்கள் உரோகிணியைச் சேர்ந்த நாளில் நிகழ்ந்ததேயாகும். அதனை அறிந்திருந்த மகளுக்கு, எழுத்தறியாத தம் அன்னையும் பழந்தமிழர் போலவே வானத்தையும் மரத்தையும் கொண்டு நாளைக் காத்து வைத்திருந்தமை புலனாயிற்று.

அன்னை மறைந்த மறு ஆண்டு, அந்நாளில் உடன்பிறந்தோர் ஒன்றுகூட வேண்டுமென அவர் விரும்பினார். தம்பி உடன்படவில்லை. "ரெண்டு பேரும் இல்லாத வீட்டில் கல்யாண நாள் எதுக்கு, அக்கா? ஊர் என்ன சொல்லும்? திதி கொடுத்தால் போதாதா?" என்றார்.

"திதியில் அப்பாவுக்குத் தனியாகப் படைக்கிறோம், அம்மாவுக்குத் தனியாகப் படைக்கிறோம், தம்பி. ரெண்டு பேருக்கும் சேர்த்துப் படைக்க ஒரு நாள் வேண்டாமா?"

தம்பி மறுமொழி கூறவில்லை, அவ்வாண்டு வரவுமில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அக்காள் தனியாகவே ஓர் இலையில் இருவர்க்கும் படைத்தார். 60 ஆண்டுகள் சுழன்று 2018இல் ஏவிளம்பித் தை மீண்டும் வந்தபோது, தம்பி தம் மனைவி மக்களோடு வந்து நின்றார். அவர் கையில் ஒரு சட்டி உளுத்தங்களி இருந்தது. பேரப்பிள்ளைகள் தாத்தா பாட்டியின் திருமணக் கதையை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டனர்.

பெற்றோரின் மறைவு நாள் பிள்ளைகள் கண்ணால் கண்டது, மறக்கவியலாதது. மணநாளோ பிள்ளைகள் காணாதது, கேட்டறிந்தாலன்றிக் கிட்டாதது. கேட்பதற்குரிய காலம், சொல்வதற்கு அவர்கள் இருக்கும் காலமே. மாணவர்கள் இன்றே தம் இல்லத்து முதியோரிடம் அந்நாளைக் கேட்டு, ஓர் ஏட்டில் குறித்து வைப்பாராக.