பிள்ளைக்கு எந்தச் சாமி?

பயிற்சி வகுப்புகளில் யாராவது ஒரு மாணவி இதைக் கேட்டுவிடுகிறாள்: “அக்கா, உங்க பொண்ணுக்குச் சாமி கும்பிடச் சொல்லித் தர்றீங்களா?” என் மகளுக்கு ஆறு வயது. நான் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் இருக்கும் தோழர் முந்திக்கொள்வார்: “எதையும் திணிக்கக் கூடாது. 18 வயசுல அவளே முடிவு பண்ணட்டும்.”

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சேரியில் வளரும் பிள்ளைக்கு 18 வயது ஆகும்வரை யார் காத்திருக்கிறார்கள்? சாமித் தேர் எந்தத் தெருமுனையில் திரும்பிப் போகிறது என்பதை அது ஐந்து வயதிலேயே பார்த்துவிடுகிறது. மதம் மக்களை ஒரே சமூகமாகச் சேர்த்துக் கட்டுகிறது என்று சமூகவியல் வகுப்பில் டர்க்கைமைப் படித்தேன். நான் வேலை செய்யும் கிராமங்களில் அதே திருவிழாதான் எது ஊர், எது சேரி என்று பிரித்துக் காட்டுகிறது. 2023இல் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். பிறகு கோயிலுக்கே சீல் வைத்தார்கள். நாம் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தச் செய்திக்கான விளக்கத்தைப் பிள்ளைக்கு வேறு யாரோ சொல்வார்கள்.

அரசாங்கமும் காத்திருப்பதில்லை. பள்ளியில் மதம், சாதி குறிப்பிடாமல் விடலாம் என்று தமிழ்நாட்டில் 1973லேயே அரசாணை வந்துவிட்டது. ஆனால் இட ஒதுக்கீடு வேண்டுமானால் சாதிச் சான்றிதழ் வேண்டும். அங்கே 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை நிற்கிறது. முதலில் இந்துக்களுக்கு மட்டும் பட்டியல் சாதி அந்தஸ்து. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறித்தவ, இஸ்லாமியத் தலித்துகள் இன்றும் வெளியேதான்.

இதன் பாரம் பிள்ளைகள் தலையில் விழுகிறது. வீட்டில் ஜெபம் செய்யும் பிள்ளைக்கு, “ஆபீசர் கேட்டா இந்துன்னு சொல்லணும்” என்று சொல்லித் தரும் அம்மாக்களை எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஒரு பெயர், பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயர். அந்த அம்மாக்களை நான் குறை சொல்லமாட்டேன். பிள்ளையின் படிப்பா, நம்பிக்கையா என்று தேர்ந்தெடுக்கச் சொல்லும் ஆணையைத்தான் கேள்வி கேட்க வேண்டும். மதம் மாறியும் சாதி விடவில்லை என்பதற்குக் கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்பிப் பிரித்த தேவாலயங்களே சாட்சி.

அப்படியானால் வீட்டில் என்னதான் செய்வது? நான் பாபாசாகேப்பின் இளமைக்காலத்தைத்தான் எடுத்துக்கொள்கிறேன். அவருடைய அப்பா ராம்ஜி கபீர் பந்தைச் சேர்ந்தவர், கடுமையான பக்திமான். தினமும் இரவில் ராமாயணம், மகாபாரதம் படித்துக் காட்டும்படி மகன்களைக் கட்டாயப்படுத்தினார். பிறகு தாதா கேளுஸ்கர் தான் எழுதிய புத்தர் வரலாற்றை இளம் அம்பேத்கருக்குப் பரிசளித்தார். அதைப் படித்தவர் நேரே அப்பாவிடம் போய்க் கேட்டார்: பிராமணர்களை உயர்த்தி, சூத்திரர்களையும் தீண்டப்படாதவர்களையும் இழிவுபடுத்தும் இந்தக் கதைகளை நாங்கள் ஏன் படிக்க வேண்டும்? நமக்குத் தாழ்வு மனப்பான்மை வந்துவிடக் கூடாது, துரோணரும் கர்ணனும் எளிய நிலையிலிருந்து உயர்ந்ததைப் பார் என்றார் ராம்ஜி. மகனுக்கு அந்தப் பதில் போதவில்லை. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அவர் பௌத்தம் தழுவினார். அப்பா நம்பிக்கையோடுதான் வளர்த்தார். ஆனால் அந்த வீட்டில் பிள்ளை எதிர்த்துக் கேட்க முடிந்தது, அப்பாவும் காரணம் சொல்ல வேண்டியிருந்தது.

என் அம்மா ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார். மகளும் கூடவே போவாள், நான் தடுப்பதில்லை. கடன்காரனும் போலீசும் வாசலில் நின்ற நாட்களில் அம்மாவை நிமிர்ந்து நிற்க வைத்தவள் அந்த மாரி. ஆனால் இரண்டு பேச்சுக்கு எங்கள் வீட்டில் இடமில்லை. ஒன்று, “சாமி கண்ணைக் குத்தும்.” மற்றொன்று, “போன ஜென்மத்துப் பாவம்.” முதலாவது பிள்ளையின் கேள்வியை அடக்கும். இரண்டாவது நமக்கு நடந்த கொடுமைக்கு நம்மையே குற்றவாளி ஆக்கும்.

போன ஆடியில் மகள் கேட்டாள், “ஆயா, பெரிய தேரு ஏன் நம்ம தெருவுக்கு வரல?” அம்மா வழக்கம்போல, “அது அவங்க சாமிடி” என்றார். “அப்போ சாமிக்கும் சாதி இருக்கா?” அம்மாவிடம் பதில் இல்லை. “தேர இழுக்கிறது மனுசங்கதான். நம்ம தெருவுக்கு வரக் கூடாதுன்னு முடிவு பண்றதும் அவங்கதான்” என்றேன். அன்று அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. நாளைக்கு மறுபடியும் கேட்பாள்.

தோழர்களே, நாளை நீங்களும் பெற்றோர் ஆவீர்கள். பிள்ளைக்கு மாரியைக் காட்டுங்கள், இயேசுவைக் காட்டுங்கள், புத்தரைக் காட்டுங்கள், எதுவும் வேண்டாம் என்றால் அதையும் காரணத்தோடு சொல்லுங்கள். எதைக் கொடுத்தாலும் அதை மறுத்துப் பேசும் தைரியத்தையும் சேர்த்துக் கொடுங்கள். பிறப்பால் நீ யாருக்கும் கீழே இல்லை என்பதை மட்டும் அவள் தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டுவைக்காதீர்கள். அதை முதல் நாளிலேயே சொல்லிவிடுங்கள்.