500 பொற்காசும் ஒரு தள்ளுவண்டியும்

கையடக்கமாக 28 புத்தகங்கள். மொத்தம் எட்டாயிரம் பக்கங்களுக்கு மேல். அத்தனையும் படக்கதை. "இந்த வயசுல பொம்மை புஸ்தகமா?" என்று வீட்டில் கேட்டார்கள். பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. கதையில் ஒருவர் வாளை உருவிக்கொண்டிருந்தார்.

'லோன் உல்ஃப் அண்ட் கப்' என்ற ஜப்பானியக் காமிக்ஸ் அது. அவர்கள் பாஷையில் மாங்கா. எழுதியவர் கசுவோ கொய்கே, வரைந்தவர் கோசெகி கோஜிமா. 1970 முதல் 1976 வரை ஜப்பானிய வாரப் பத்திரிகை ஒன்றில் தொடராக வந்தது. ஆங்கிலத்தில் முழுசாக வந்து முடிய 2002 ஆகிவிட்டது.

கதை இதுதான். ஷோகன்கள் ஆண்ட எடோ காலம். பிரபுக்களுக்கு வயிற்றைக் கிழித்துக்கொள்ளும்படி உத்தரவு வந்தால், பக்கத்தில் நின்று ஒரே வீச்சில் தலையைக் கொய்து வேதனையை முடித்து வைக்கும் உத்தியோகம் ஒகாமி இட்டோவுக்கு. அந்தப் பதவி மேல் கண் வைத்த யாக்யூ குடும்பம் அவர் மனைவியைக் கொல்கிறது. அவர் வீட்டு வழிபாட்டு இடத்தில் ஷோகனின் சின்னம் பொறித்த நினைவுப் பலகையை ஒளித்து வைத்து, ராஜத்துரோகப் பழியும் போடுகிறது. மிஞ்சியது கைக்குழந்தை டைகோரோ. அவனைத் தள்ளுவண்டியில் உட்கார வைத்துக்கொண்டு ஊர் ஊராகக் கூலிக்குக் கொலை செய்யக் கிளம்புகிறார் அப்பா. ஒரு கொலைக்கு 500 பொற்காசு!

இதில் என்ன பிரமாதம்? முதலில், மௌனம். பக்கம் பக்கமாக வசனமே கிடையாது. மழை, நாணல், காற்று, வண்டிச் சக்கரம். கோஜிமாவின் தூரிகையில் வாள்வீச்சின் வேகம் நம் கண்ணில் படுகிறது. இரண்டாவது, அந்தக் காலத்து வாழ்க்கை. சத்திரம், சோதனைச் சாவடி, பஞ்சத்தில் அடிபட்ட விவசாயி, சடங்கு, சம்பிரதாயம் எல்லாம் கதையோடு வருகிறது. பாடம் நடத்துகிற நெடி இல்லை.

குறைகளும் உண்டு சார். ஒகாமி தோற்பதே இல்லை. ஐம்பது பேர் சூழ்ந்தாலும் நமக்குத்தான் பதற்றம், அவருக்கில்லை. நடுப் பாகங்களில் ஒரே அச்சு: ஆள் வருவார், பணம் தருவார், தலை உருளும். பெண்கள் பெரும்பாலும் சீரழியவோ சாகவோதான் வருகிறார்கள். இது காலத்தின் குறை என்று ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை.

சரித்திரத்தையும் இஷ்டத்துக்கு வளைக்கிறார்கள். நிஜ யாக்யூக்கள் ஷோகனுக்கு வாள் கற்றுக்கொடுத்த குருமார்கள். கதையில் பெரிய வில்லனாக வரும் ரெட்சுடோ, நிஜத்தில் புத்த மடத்துத் துறவி! போதாததற்கு, நான் படித்த ஆங்கிலப் பதிப்பில் படங்களை இடம் வலமாகத் திருப்பி அச்சிட்டிருந்தார்கள். ஜப்பானில் அத்தனை பேரும் இடது கைக்காரர்கள்!

இத்தனைக்கும் மீறி என்னைப் பிடித்து வைத்தவன் அந்தப் பொடியன். ஆரம்பத்தில் ஒரு காட்சி. குழந்தைக்கு முன்னால் ஒரு பந்தையும் ஒரு வாளையும் வைக்கிறார் அப்பா. பந்தைத் தொட்டால் தன் கையாலேயே அவனை அம்மாவிடம் அனுப்பிவிடுவார். வாளைத் தொட்டால் தன்னோடு நரக வழியில் நடக்கலாம். குழந்தை தவழ்ந்து வருகிறது... வாளைத் தொடுகிறது.

இதை வீரம் என்று சிலர் கொண்டாடுவார்கள். நானும் ஒரு அப்பன். பேசத் தெரியாத குழந்தையிடம் இப்படி ஒரு கேள்வியைக் கேட்க எவனுக்கும் உரிமை இல்லை. ஆனால் கதை அதை மூடி மறைப்பதில்லை. சாவைப் பார்த்துப் பார்த்து டைகோரோவின் கண்கள் கிழவனின் கண்களாகிவிட்டதை மற்ற பாத்திரங்களே பார்த்துத் திடுக்கிடுகிறார்கள். அப்பாவின் பழிக்குப் பிள்ளை கொடுக்கும் விலை ஒவ்வொரு பாகத்திலும் ஏறிக்கொண்டே போகிறது.

முடிவைச் சொல்ல மாட்டேன். நடுவில் அலுத்தால் நாலைந்து கதைகளைத் தாண்டிவிடுங்கள், கடைசிப் பாகங்களை மட்டும் தாண்டாதீர்கள். சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். அப்பாக்கள் கட்டாயம் படிக்கலாம்.