மறையால் வகுக்கும்போது

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்று. மாடி வீட்டின் கீழே, கார் விடும் இடத்தில் வாங்குகள் போட்டுச் சனிக்கிழமைக் கணித வகுப்பு நடக்கிறது. பதினோராம் தரப் பிள்ளைகள். அடுத்தது ஓ.எல். பரீட்சை. கரையோரப் பாதையில் ரயில் வந்தால் சேர் பேச்சை நிறுத்திவிடுவார். பெட்டிகள் கடந்து முடியும்வரை வெண்கட்டியை விரல்களில் உருட்டியபடி நிற்பார்.

பலகையில் இருப்பது சின்னக் கணக்கு. ஏழிலிருந்து இரண்டு எக்ஸைக் கழித்தால் வருவது ஒன்றைவிடப் பெரிது. எக்ஸ் எந்தெந்த எண்ணாக இருக்கலாம்?

முன்வாங்குப் பையன் முதலில் முடிக்கிறான். ஏழை மறுபக்கம் கொண்டுபோகிறான்: மறை இரண்டு எக்ஸ், மறை ஆறைவிடப் பெரிது. மறை இரண்டால் வகுக்கிறான்: எக்ஸ், மூன்றைவிடப் பெரிது. அடிமட்டம் வைத்துக் கீழே இரட்டைக் கோடு போட்டுக் கொப்பியை நீட்டுகிறான்.

சேர் சிவப்புப் பேனையைத் தொடவில்லை. “அஞ்சைப் போட்டுப் பாரும்.”

“ஏழில பத்துப் போனால் மறை மூண்டு, சேர்.”

“அது ஒண்டைவிடப் பெரிசோ?”

பையன் கொப்பியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறான். “இல்லை.”

“ரெண்டைப் போடும்.”

“ஏழில நாலு போனால் மூண்டு. அது பெரிசுதான். குறி திரும்ப வேணும், சேர். மறையால வகுத்தால் குறி திரும்பும். மறந்துபோனன்.”

“சரி. ஏன் திரும்புது?”

யாரும் பேசவில்லை. துணைநூல்களில் இது பெட்டி கட்டிய ஒரு வரி: மறை எண்ணால் பெருக்கினாலோ வகுத்தாலோ குறியைத் திருப்புக. அந்த வரியை மட்டும் நம்பிப் பரீட்சை மண்டபத்துக்குள் போகும் பிள்ளையைப் பதற்றத்தில் முதலில் கைவிடுவது அந்த வரிதான். ‘ஏன்’ என்ற கேள்வியைச் சந்திக்காமலே எத்தனையோ பிள்ளைகள் இந்தப் பாடத்தைக் கடந்துபோகிறார்கள். அது அவர்களுக்குச் செய்யப்படும் அநியாயம்.

சேர் குனிந்து சீமெந்துத் தரையில் வெண்கட்டியால் நீளக் கோடு இழுக்கிறார். நடுவில் பூச்சியம், இரு பக்கமும் எண்கள். ஒருத்தனை இரண்டிலும் ஒருத்தியை ஐந்திலும் நிறுத்துகிறார்.

“ஆர் பெரிசு?”

“அஞ்சு.”

“இப்ப ரெண்டு பேரையும் மறை ஒண்டால பெருக்கிறன். உங்கட உங்கட இடத்துக்குப் போங்கோ.”

இருவரும் பூச்சியத்தைத் தாண்டி நடக்கிறார்கள். அவன் மறை இரண்டில் நின்றுவிடுகிறான். அவள் இன்னும் நடந்து, வாசல் நிலையோடு ஒட்டிய மறை ஐந்துக்குப் போகவேண்டியிருக்கிறது. வலப்பக்கம் தூரத்தில் நின்றவள் இப்போது இடப்பக்கம் தூரத்தில். “ஐயோ, நான் சின்னனாயிட்டன்!” என்கிறாள். இனிச் சேர் சொல்லவேண்டியதில்லை. மற்றவர்களும் ஏறி நிற்கிறார்கள். ஒன்றும் நாலும். பிறகு ஒருவன் மறை மூன்றிலும் இன்னொருவன் ஆறிலுமாக, வேண்டுமென்றே பூச்சியத்தின் இரு பக்கங்களில். அவர்களும் இடம் மாறியபோது வரிசை புரண்டுவிடுகிறது.

கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளை ஒருத்தி கடைசி வாங்கில் எழும்பாமல் இருக்கிறாள். சேர் அவளுடைய கொப்பியைப் பார்க்கிறார். பக்கத்தைத் திருப்பி மறுபடி பார்க்கிறார்.

“நீர் மறையால வகுக்கவே இல்லையே?”

“இல்லை, சேர். ரெண்டு பக்கமும் ரெண்டு எக்ஸைக் கூட்டினன். அப்ப ஏழு, ‘ஒண்டும் ரெண்டு எக்ஸும்’ சேர்ந்ததைவிடப் பெரிசு. ஒண்டைக் கழிச்சால் ஆறு, ரெண்டு எக்ஸைவிடப் பெரிசு. மூண்டு, எக்ஸைவிடப் பெரிசு.”

மூன்று, எக்ஸைவிடப் பெரிதென்றால் எக்ஸ் மூன்றைவிடச் சிறிது. அதே விடை, குறியை எந்த இடத்திலும் திருப்பவில்லை. சேர் அவளைக் கூப்பிட்டுப் பலகையில் எழுதச் சொல்கிறார். “ரெண்டு பக்கமும் ஒரே அளவைக் கூட்டினால் வரிசை மாறாது. அதை வைச்சே வந்திட்டா.” முன்வாங்குப் பையன் அதை வரிவரியாகப் பார்த்து எழுதுகிறான், தன் பிழையை அழிறப்பரால் அழிக்காமல் அதற்குப் பக்கத்திலேயே.

எண்கோட்டில் மூன்றின்மேல் உள்ளே நிரப்பாத வட்டம், இடப்பக்கம் அம்புக்குறி. மூன்றைப் போட்டால் சரியாக ஒன்று வரும். ஒன்று ஒன்றைவிடப் பெரிதல்ல. நேர் நிறைவெண்கள் மட்டும் கேட்டால் விடை 1, 2.

அடுத்த ரயில் போய் முடிந்ததும் சேர் இந்தக் குறிகளின் கதையைச் சொல்கிறார். சமன் குறி 1557 இல் றொபேட் றெக்கோட்டின் நூலில் வந்தது. பெரிது, சிறிது குறிகள் அச்சேறியது 1631 இல், தோமஸ் ஹரியட் இறந்து பத்து ஆண்டுகளின் பின் வெளியான நூலில். தொலைநோக்கியால் நிலவைப் பார்த்து 1609 இலேயே படம் வரைந்த மனிதர் அவர். “எழுபத்திநாலு வருசம் பிந்தி,” என்று யாரோ கழித்துச் சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்திலும் சமன்பாடு முதலில், சமனிலி பிறகு.

கொட்டாஞ்சேனைப் பிள்ளை கை உயர்த்துகிறாள். “சேர், எக்ஸாலேயே பெருக்க வேண்டி வந்தால்? அது மறையோ நேரோ தெரியாதே.”

சேரின் முகம் மலர்கிறது. “அது ஏ.எல்.லில இணைந்த கணிதத்தில வரும். எண்டாலும் ஒண்டு தாறன்.” ஆறை எக்ஸால் வகுத்தால் வருவது இரண்டைவிடப் பெரிது என்று எழுதுகிறார்.

பல பேர் உடனே எக்ஸ் மூன்றைவிடச் சிறிது என்று எழுதிவிடுகிறார்கள். முன்வாங்குப் பையனும் எழுதுகிறான். ஆனால் கோடு போடவில்லை. பேனையை ஓரத்துக்குக் கொண்டுபோய் ஒரு சின்னக் கணக்குப் பார்க்கிறான்.

“சேர், மறை ஒண்டைப் போட்டால் மறை ஆறு வருது. மூண்டைவிடச் சின்னன்தான், ஆனால் சரிவருதில்லை.”

“அப்ப எங்கயிருந்து எங்க வரைக்கும்?”

பையன் எழும்பித் தரையில் இருந்த கோட்டுக்கு வந்து, பூச்சியத்துக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்கிறான். “இதுக்குள்ள மட்டும், சேர். பூச்சியமும் இல்லை, மூண்டும் இல்லை.”