தாத்தாவின் வல்லம் கல் கண்ணாடி

பூதலூர்க்காரரான அந்தத் தாத்தா மூக்கில் மாட்டுவது இன்றும் வல்லம் கல் கண்ணாடிதான். “கண்ணுக்குக் குளிர்ச்சிடா” என்பார் பேரனிடம்.

குளிர்ச்சி பொய்யில்லை. தஞ்சை அருகே வல்லத்தில் கிடைத்த இந்தப் படிகக்கல், அதாவது குவார்ட்ஸ், கண்ணாடியைவிட வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதனால்தான் தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. கடினத்தன்மை மோஸ் அளவில் 7. சீனர்கள் கொண்டாடும் பச்சை ஜேட் கல்லே 6 முதல் 7தான். (ஆனால் ஜேட் லேசில் உடையாது, இது கீழே விழுந்தால் போச்சு!) களத்துமேட்டுத் தூசியைத் துண்டால் துடைத்துத் துடைத்தும் கண்ணாடியில் அவ்வளவாகக் கீறல் இல்லை.

சிக்கல் வேறு இடத்தில். சாதாரணக் கண்ணாடி ஓரளவாவது தடுக்கும் புற ஊதாக் கதிரை, படிகம் அப்படியே உள்ளே விட்டுவிடும். கண்புரை ஆரம்பம் என்று சொன்ன டாக்டர் இதையும் சொன்னார். தாத்தாவுக்குக் கோபம், இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை.

இப்போது வயலுக்குப் போகப் புதுக் கண்ணாடி. திண்ணையில் பேப்பர் படிக்க மட்டும் வல்லம் கல்.