வேலியோரத்து அமானிதம்



சில மாதங்களுக்கு முன் இங்கிலாந்தில் வாழும் என் பழைய மாணவர் ஒருவர் ஒரு படம் அனுப்பியிருந்தார். உறைபனி மூடிய தரையைப் பிளந்துகொண்டு மஞ்சள் நிறத்தில் சின்னஞ்சிறு மலர்கள் எழுந்து நின்றன. ‘வின்ட்டர் அகோனைட்’ என்பது அதன் பெயராம். குளிர் முடியுமுன்பே பூத்து, கோடை வருமுன் இலையெல்லாம் மறைந்து, கிழங்காக மண்ணுக்குள் உறங்கிவிடுமாம். “அழகாக இருக்கிறது ஹஜ்ரத், ஆனால் முழுச் செடியும் நஞ்சு” என்று கீழே எழுதியிருந்தார். நம் நாட்டு மருத்துவர்கள் வச்சநாபி என்று சொல்லும் இமயமலைச் செடி இருக்கிறதே, அதன் குடும்பத்தைச் சேர்ந்தது தான் இதுவும்.

படத்தைப் பார்த்த எனக்கு எங்கள் வீட்டு வேலியோரம் நினைவுக்கு வந்தது. அங்கேயும் ஓர் அழகு இருக்கிறது. அதற்குள்ளும் நஞ்சு இருக்கிறது. அது குறித்து உங்களிடம் சொல்ல வேண்டிய ஒரு செய்தியும் இருக்கிறது.

நான் சொல்வது செங்காந்தளைப் பற்றி. கல்லூரியில் கலைப்பாடம் பயின்றபோது, குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் மலர்களில் முதலாவதாக நிற்பது இதுவே என்று படித்திருக்கிறேன். தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே. ஆப்பிரிக்காவிலுள்ள ஜிம்பாப்வேயின் தேசிய மலரும் இதுவே. கார்த்திகை மாதத்தில் பூப்பதால் கார்த்திகைப்பூ என்பார்கள். கலப்பை வடிவில் கிழங்கு இருப்பதால் கலப்பைக் கிழங்கு என்பார்கள். எங்கள் பக்கத்தில் கண்வலிக்கிழங்கு என்றால்தான் தெரியும்.

கே.கே. நகரில் நாங்கள் வீடு கட்டிக் குடிவந்தபோது, நத்தம் பக்கத்திலுள்ள எங்கள் பூர்வீக ஊரின் கிளுவை வேலியிலிருந்து அத்தா ஒரே ஒரு கிழங்கைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். “முனை ஒடியாமல் பிடி” என்று என் கையில் தந்தார்கள். அந்த எச்சரிக்கையின் பொருள் எனக்குப் பிறகுதான் விளங்கியது. இரண்டு கைகளை விரித்ததுபோல் கவடாக இருக்கும் அந்தக் கிழங்கில், ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளைதான் உண்டு. அது ஒடிந்துவிட்டால் அந்தக் கை முளைக்காது. இரண்டு முனைகளும் நலமாக இருந்தால் கவட்டில் பிரித்து இரண்டு இடங்களில் நடலாம். ஒவ்வோர் ஆண்டும் பழைய கிழங்கு சுருங்கி மடிய, அதன் இடத்தில் புதிய கிழங்கு உருவாகிறது. இப்படித்தான் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிறது.

வண்டியூர்க் கண்மாய்ப் பக்கத்துக் களிமண்ணில் நீர் தேங்கும். நீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். ஆகவே அத்தா மணலும் செம்மண்ணும் மக்கிய சாணமும் கலந்து மேடு கட்டினார்கள். நான்கு விரல் ஆழத்தில் கிழங்கைப் படுக்கை வாட்டில் வைத்து மூடினார்கள். மழை விழுந்ததும் முளை வந்தது. இந்தக் கொடிக்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே சுருண்டு பற்றிக்கொள்ளும். தடித்த கம்பத்தை அதனால் பற்ற முடியாது, மெல்லிய விளார்களே வேண்டும். மலரோ முதலில் பச்சை, பிறகு மஞ்சள், பிறகு நெருப்புச் சிவப்பு! ஆறு இதழ்களும் அலையலையாக நெளிந்து மேல்நோக்கி வளைந்து நிற்கும். சூல்தண்டு மட்டும் பூவை விட்டு விலகி, பக்கவாட்டில் மடிந்து நீண்டிருக்கும். அதனால் விதை வேண்டுவோர் காலை வேளையில் தூரிகையால் மகரந்தத்தைத் தொட்டு வைப்பார்கள். மூலனூர், ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் விதைக்காகவே இதைப் பயிர் செய்பவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். விதையிலிருந்தும் செடி வரும். ஆனால் பூக்க மூன்று நான்கு ஆண்டுகள் பொறுக்க வேண்டும்.

2017-ஆம் ஆண்டு தை மாதத்தில் அத்தா மறைந்தார்கள். அப்போது கொடியும் காய்ந்து சருகாகிக் கிடந்தது. அந்தக் கோடை முழுவதும் வெறும் மண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். மழை வந்தது, ஒருநாள் சுபுஹு தொழுதுவிட்டுத் திரும்பும்போது மண்ணைக் கீறிக்கொண்டு ஒரு பச்சை முனை! இறந்த பூமியை மழையால் உயிர்ப்பிப்பவனே மரித்தோரையும் எழுப்புவான் என்ற இறைமறையின் போதனையைப் பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அதை நானே கற்றுக்கொண்டேன்.

இனி, அந்தச் செய்திக்கு வருகிறேன்.

2024-ஆம் ஆண்டு ரமலான். கொடி காய்ந்துவிட்டதால் கிழங்குகளைப் பிரித்து நடலாம் என்று தோண்டியெடுத்து, பின்கட்டில் ஓர் ஓலைப்பெட்டியில் வைத்தேன். தொட்டவுடன் கையைக் கழுவினேன். ஆனால் வீட்டில் எவரிடமும் சொல்லவில்லை. அஸர் தொழுகைக்குப் போய், நோன்புக் கஞ்சியைத் தூக்குச்சட்டியில் வாங்கிக்கொண்டு திரும்பினேன். அடுப்படியில் அம்மா. பார்வை மங்கிப்போன அம்மா. “பிள்ளைக நோன்பு திறக்கச் சீனிக்கிழங்கு வேக வச்சிருக்கேம்பா” என்றார்கள். மூடியைத் திறந்து பார்த்தேன். ஆவிக்கு நடுவே, இரண்டு கைகளை விரித்த அந்த வடிவம் தெரிந்தது.

பாங்கு சொல்ல அரைமணி நேரமே இருந்தது. எட்டு வயதிலும் பதினொரு வயதிலுமாக என் பிள்ளைகள் இருவரும் நோன்பு வைத்திருந்தார்கள்.

அன்பர்களே! அந்தக் கிழங்கிலுள்ள கோல்ச்சிசின் என்னும் நஞ்சு வேகவைப்பதால் போய்விடாது. தின்ற சில மணி நேரம் வரை ஒன்றுமே தெரியாது. பிறகு வாந்தி, வயிற்றுப்போக்கு. அடுத்த நாட்களில் உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். இதற்கென்று கைவசமுள்ள மாற்று மருந்தும் இல்லை. இலங்கையில் இதைச் சீனிக்கிழங்கென்று நினைத்து உண்டு இறந்தவர்கள் உண்டு. ஆகவே எவரேனும் தின்றுவிட்டதாகத் தெரிந்தால், வாந்தி வரட்டும் என்று காத்திராமல், கிழங்கின் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அன்றிரவு தராவீஹ் தொழுகையில் என் மனம் நிற்கவில்லை. ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதனோ பறவையோ உண்டால் அது அவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்ற நபிமொழியைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நான், உண்டவரைக் கொல்வதை அல்லவா நட்டு வைத்திருக்கிறேன்! தீங்கு செய்வதும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்வதும் கூடாது என்பதும் நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டுதல் அல்லவா? “பிடுங்கி எறியுங்கள்” என்றாள் என் துணைவி. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அம்மா மட்டும், “அத்தா வச்சதுப்பா” என்று சொல்லிவிட்டு அழுதார்கள்.

முடிவெடுக்க எனக்குப் பல நாட்கள் ஆயின. குற்றம் கிழங்கின் மீது இல்லை என்பது மெல்ல விளங்கியது. அதன் இலையைத் தின்றே வளரும் கருப்பும் வெண்மையும் செம்மையுமான புழுவை அந்தக் கொடியிலேயே கண்டிருக்கிறேன். நமக்கு நஞ்சானதை அதற்கு இரையாக்கியிருக்கிறான் இறைவன். பெட்டியில் வைத்துவிட்டு வாய் திறக்காமல் போனவன் நான். அறிந்தவன் அறிவிக்காமல் இருந்ததே அன்றைய தீங்கு.

சில மாதங்கள் கழித்து அம்மாவுக்குக் கால் பெருவிரல் வீங்கிச் சிவந்தது. ‘கவுட்’ என்னும் மூட்டுநோய் என்றார் மருத்துவர். அவர் எழுதித் தந்த மாத்திரையின் உறையைப் படித்த நான் திகைத்து நின்றேன். கோல்ச்சிசின், அரை மில்லிகிராம்! யுனானி மருத்துவத்தின் சூரிஞ்சான் கிழங்கிலும் இதே பொருள்தான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இப்னு சீனா மூட்டுநோய்க்கு எழுதி வைத்தது அதைத்தான். அதிலிருந்து 1820-இல் பிரெஞ்சு அறிஞர்கள் இருவர் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 2023-இல் அமெரிக்க அரசு இதயநோய்க்கும் குறைந்த அளவில் இதை அனுமதித்தது. அம்மாவிடம் சொன்னேன். “அன்னிக்கு நான் வேக வச்சது தானாப்பா இது?” என்று கேட்டுச் சிரித்தார்கள். அளவுதான் மருந்தையும் நஞ்சையும் பிரிக்கிறது. அந்த அளவை அறிந்தவர் மருத்துவர், நாமல்ல. கைவைத்தியமாக எவரும் இதைத் தொட வேண்டாம்.

இப்போது கொடி வேலியோரத்தில் இல்லை. மொட்டைமாடியில் ஒரு சிமெண்டுத் தொட்டியில் இருக்கிறது. மாடிக் கதவுக்கு உயரத்தில் தாழ்ப்பாள் உண்டு. தோண்டியெடுத்த கிழங்கு வீட்டுக்குள் வருவதில்லை. கையுறையுடன் பிரித்து அன்றே நட்டுவிடுகிறேன். மதரஸாவுக்கு வரும் பிள்ளைகளை ஆண்டுக்கொருமுறை அழைத்துச் சென்று, பூவைக் காட்டி, பெயரைச் சொல்லி, “பார்க்கலாம், வாயில் வைக்கக் கூடாது” என்று பாடம் நடத்துகிறேன். கேட்பவர்களுக்கெல்லாம் கிழங்கு தருவதில்லை. வீட்டில் சின்னஞ்சிறுசுகள் இருக்கின்றனவா என்று முதலில் விசாரிக்கிறேன். தரும்போது அந்த ரமலான் மாலையையும் சேர்த்தே தருகிறேன்.

உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அரளியாக, ஊமத்தையாக, அலமாரியில் திறந்து கிடக்கும் மருந்துச் சீசாவாக. வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும், பார்வை மங்கிய மூத்தவர்களுக்கும், அது இன்னதென்று சொல்லி வையுங்கள்.

இந்த ஆண்டும் முளை வந்திருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ். அத்தாவின் மண்ணறையை அல்லாஹ் விசாலமாக்குவானாக! நம் வீட்டுப் பிள்ளைகளை நம்முடைய மறதியிலிருந்து காப்பானாக! ஆமீன்.