சாயல்

சித்தப்பா வயிற்றுப்போக்கால் நான்கு நாள் அவதியுற்றுத் தேறினார். பத்து நாள் கழிந்து, ஒரு விடியலில் எழ முயன்றபோது கால்கள் இடங்கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் கைகளும் ஓய்ந்தன. "வயிற்றுக்கும் காலுக்கும் என்ன தொடர்பு, தம்பி?" என்றார். எனக்கு விடை தெரியவில்லை.

தொடர்பு ஒரு சர்க்கரையில் இருந்தது. தேநீரில் கரைக்கும் சர்க்கரையன்று; உயிரணுக்களின் மேற்பரப்பில் கிளைத்து நிற்கும் சர்க்கரைச் சங்கிலி. கேம்பைலோபாக்டர் ஜெஜுனி என்னும் குடற்கிருமியின் மேலுறைச் சங்கிலி, நம் நரம்புகளிலுள்ள ஜிஎம்1 என்னும் பொருளின் சர்க்கரைப் பகுதியை ஒத்திருப்பதை ஜப்பானியரான நொபுஹிரோ யூகியும் அவர்தம் குழுவினரும் 1993இல் வெளியிட்டனர். கிருமியை எதிர்க்க உருவான எதிர்ப்பொருள்கள், சாயலில் மயங்கி நரம்பையே தாக்குகின்றன. 1916இல் கில்லன், பாரே, ஸ்ட்ரோல் ஆகிய பிரெஞ்சு மருத்துவர்கள் இரு படைவீரரிடம் கண்டு எழுதிய நோய் இது. (காரணங்கள் வேறும் உண்டு, சித்தப்பாவுக்கு இக்கிருமியே என்றார் மருத்துவர்.) உண்ணி கடித்த சிலருக்கு மாட்டிறைச்சி உண்டபின் உடல் தடிப்பதும் ஆல்ஃபா-கேல் என்னும் வேறொரு சர்க்கரையால்தான்.

ஐந்தாம் மாதம், சுவரைப் பிடித்தபடி அவர் வாசல்வரை நடந்தார். அன்றுதான் விடையைச் சொன்னேன்.

"அப்படியானால் என் உடம்புக்கே என்னைத் தெரியவில்லையா?"

"ஆளை மாற்றிக்கொண்டது, சித்தப்பா."

சிரித்தார். இடக்கால் இன்றும் சற்று இழுக்கிறது.