தோழி இல்லாத களவு

அகவாழ்வைக் களவு என்றும் கற்பு என்றும் இரண்டாகப் பகுத்தனர் தமிழர். களவு மறைவானது, எனினும் காதலர் இருவரும் துணையற்றவர் அல்லர். தலைவனுக்குப் பாங்கன் இருந்தான். தலைவிக்குத் தோழி இருந்தாள். குறியிடம் உணர்த்துபவளும், ஊரார் அலர் தூற்றுங்கால் தேற்றுபவளும், உரிய பொழுதில் செவிலியிடம் உண்மை உரைத்து அறத்தொடு நிற்பவளும் தோழியே. அத்துணை அறவே இல்லாத களவு எத்தகையதாக இருக்கும்? இற்றைநாள் அமெரிக்கக் கல்லூரிகளில் பயிலும் பாலினச் சிறுபான்மை மாணவரின் வாழ்வில் அதனைக் காணலாம்.

அக்கல்லூரிகளில் 'ஹூக்கப்' என்றொரு வழக்கு உண்டு. முத்தம் முதல் உடலுறவு வரை எதனையும் குறிக்கும் அச்சொல், தொடர்ந்து வரும் கடப்பாடு ஒன்றும் இல்லை என்பதை மட்டும் ஐயமின்றி உணர்த்தும். ஆணும் பெண்ணுமாகக் கூடுவோர்க்கு விடுதி விருந்துகளே பெரும்பாலும் களம். நண்பர்கள் உடனிருப்பர், இன்னார் இத்தகையர் என்று எச்சரிப்பர்.

தன்பாலினத்தாரை விரும்பும் மாணவருக்கோ முதல் வினாவே வேறு. எதிரில் இருப்பவர் தம்மைப் போன்றவர்தாமா? வாய்திறந்து கேட்டால் இகழாதிருப்பாரா? பிறரிடம் சொல்லாதிருப்பாரா? இவ்வச்சமே பலரைக் கைப்பேசிக்கு அழைத்துச் செல்கிறது. 2009இல் தோன்றிய 'கிரைண்டர்' என்னும் செயலி, ஆடவரை நாடும் ஆடவர் எத்துணைத் தொலைவில் உள்ளனர் என்று காட்டும். இத்தகைய வாயில்களை இழிவாக மட்டும் எண்ணுதல் பொருந்தாது. 2017இல் அமெரிக்காவில் சந்தித்து இணைந்த தன்பாலின இணையருள் ஏறத்தாழ 65 விழுக்காட்டினர் இணையத்தின் வழியே சந்தித்தவர்கள். ஆண் பெண் இணையருள் அவ்வாறு சந்தித்தோர் 39 விழுக்காட்டினர்.

எனினும் செயலி வாயிலாகுமேயன்றித் தோழியாகாது. 'உன்னையும் ஒருவர் விரும்புவார்' என்ற ஆறுதலை அங்கே முதன்முறையாகப் பெறும் இளைஞன், மறுநாள் நூலகத்தில் அதே மனிதர் அறியாதவர்போல் கடந்து செல்வதையும் காண்கிறான். நிறத்தையும் இனத்தையும் சொல்லியே விலக்குவோர் உண்டு. அச்செயலி தன் இனவாரித் தேடல் வசதியை 2020இல்தான் நீக்க முன்வந்தது. இருபாலரையும் விரும்பும் மாணவி, விளையாட்டாக வந்தவளென்று இரு சாராராலும் ஐயுறப்படுகிறாள். திருநர் மாணவரோ தம் நிலையை முன்னரே சொன்னால் புறக்கணிப்பையும், பின்னர்ச் சொன்னால் தாக்குதலையும் அஞ்ச வேண்டியுள்ளது.

அலரின் கொடுமையோ இன்னும் பெரிது. 2010இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர் ஒருவர் தம் அறையில் மற்றோர் ஆடவருடன் தனித்திருந்ததை, அறைத்தோழரே கணினிப் படக்கருவியால் ஒளிந்து நோக்கிப் பிறருக்கும் அறிவித்தார். சில நாள்களில் அம்மாணவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்கு அகவை 18.

சட்டம் அவர்களுக்குச் சில கதவுகளைத் திறந்தது. தன்பாலினக் கூடலைக் குற்றமாக்கிய மாநிலச் சட்டங்களை 2003இல் உச்ச நீதிமன்றம் வீழ்த்தியது. 2015இல் தன்பாலினத் திருமண உரிமையை நாடெங்கும் நிலைநாட்டியது. களவுக்குப்பின் கற்பு என்னும் வழி அவர்களுக்கும் உண்டாயிற்று. ஆனால் இடைநின்று கைப்பிடித்து நடத்துவோரைச் சட்டம் தர இயலாது. அதனை உணர்ந்த மாணவர், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தமக்கென ஒரு சங்கம் கண்டு 1967இலேயே அதற்கு ஏற்பும் பெற்றனர். பகல் வெளிச்சத்தில் முகம் காட்டிப் பேச ஓரிடம் வேண்டும் என்பதே அவர்தம் வேட்கை.

கணநேர உறவுகளைக் கண்டிப்பது எளிது. அந்நியரைத் தேடி இருளில் நடக்கும் மாணவருக்கு, 'எங்கே செல்கிறாய், எப்போது திரும்புவாய்' என்று கேட்க ஒருவரேனும் இருக்கிறாரா என்று எண்ணிப் பார்ப்பது அரிது. அகப்பாடல் கற்பிக்கும் ஆசிரியரும் கற்கும் மாணவரும் தோழி கூற்றுக்கு வரும்போதேனும் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.